எல்லோருக்கும் மூச்சு 20: நர்ஸுக்குத் தகவலியல் எதற்கு?

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங் படிக்கிறேன். இரண்டாவது செமஸ்டரில் செவிலியத் தகவலியல் என்று ஒரு பாடம். தரவு, தகவல், அறிவு, விவேகம் என்று நாலு சொல்லை மனப்பாடம் செய்ததுதான் மிச்சம். கம்ப்யூட்டரைப் பார்க்க ஆள் இருக்கும்போது நர்ஸுக்கு இது எதற்கு? இதில் நெறிமுறை என்று ஒரு யூனிட் வேறு இருக்கிறது. நோயாளியின் ரகசியத்தை வெளியே சொல்லாதே என்பதைத் தாண்டி அதில் என்ன இருக்கிறது?

பதில்:

அடுத்த முறை வார்டு போஸ்டிங் போகும்போது காய்ச்சல், நாடி, மூச்சு மூன்றையும் எழுதும் டி.பி.ஆர். சார்ட்டுகளை வரிசையாகப் புரட்டிப் பாருங்கள். காய்ச்சல் ஆளுக்கு ஆள் மாறும், நாடி மாறும். மூச்சு மட்டும் எல்லோருக்கும் நிமிடத்துக்கு 20. நிமோனியாக்காரருக்கும் 20, ஹெர்னியா ஆபரேஷனுக்குக் காத்திருப்பவருக்கும் 20, காலையில் டிஸ்சார்ஜ் ஆகப் போகிறவருக்கும் 20. சில வார்டுகளில் 18 என்று இருக்கும், அது அந்த வார்டின் குலவழக்கம். ஊரார் மேல் பழிபோட்டு ஒதுங்க மாட்டேன், நானும் எழுதியிருக்கிறேன். நாற்பது படுக்கை, நைட் டியூட்டியில் இரண்டு பேர். ஒவ்வொருவர் பக்கத்திலும் முழு நிமிடம் நின்று மூச்சை எண்ணினால் அதற்கே முக்கால் மணி போய்விடும். தூங்குகிற மாதிரி தெரிந்தால் 20 போட்டுவிட்டு நகர்ந்துவிடுவோம்.

இந்த 20-ஐ வைத்தே உங்கள் இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லப் பார்க்கிறேன். பதினாறு வருடம் வார்டு, பிறகு ஆறு வருடம் மருத்துவமனைப் பதிவு மென்பொருளை அமைக்கும் குழு, இப்போது கற்பித்தல் என்று வந்தவள் நான். மூன்று இடத்திலும் என்னை விடாமல் துரத்திய எண் இது.

ஓர் ஆளை எடுத்துக்கொள்வோம். வயது அறுபது, காய்ச்சலும் இருமலுமாக அட்மிட் ஆகியிருக்கிறார். காய்ச்சல் 101, நாடி 112, ஆக்ஸிஜன் 96, மேல் ரத்த அழுத்தம் 118, நினைவு தெளிவாக இருக்கிறது. உண்மையில் எண்ணிப் பார்த்தால் மூச்சு 26. இவை ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கும்வரை வெறும் தரவு. நேற்று மாலை இதே ஆளுக்கு நாடி 88 ஆகவும் மூச்சு 19 ஆகவும் இருந்தது என்று பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது அது தகவல். தொற்று முற்றும்போது ரத்த அழுத்தம் விழுவதற்கு முன்பே மூச்சும் நாடியும் ஏறும் என்று நீங்கள் படித்திருப்பதைக் கொண்டு அந்தத் தகவலுக்குப் பொருள் காண்பது அறிவு. "ஒண்ணுமில்ல சிஸ்டர், நல்லாத்தான் இருக்கேன்" என்று அவர் சிரித்தபடி சொல்லும்போதும், அவர் மனைவி தலைமாட்டை விட்டு நகராமல் இருப்பதைக் கவனித்து, விடியும்வரை காத்திராமல் டியூட்டி டாக்டரை எழுப்புவது விவேகம். உங்கள் நாலு சொல்லும் இவ்வளவுதான்.

இனி அந்த 26-க்குப் பதிலாக 20 என்று எழுதிப் பாருங்கள். இங்கிலாந்தின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2017-ல் திருத்தி வெளியிட்ட நியூஸ்-2 என்ற எச்சரிக்கை மதிப்பெண் முறையில் மூச்சு 12 முதல் 20 வரை இருந்தால் பூஜ்யம், 21 முதல் 24 வரை 2, 25-ம் அதற்கு மேலும் 3. நம் ஆளுக்கு மூச்சுக்கு 3, நாடிக்கு 2, காய்ச்சலுக்கு 1 என்று மொத்தம் 6 வருகிறது. 5-ஐத் தொட்டாலே டாக்டரை அவசரமாக அழைக்க வேண்டும், மணிக்கொரு முறையாவது பார்க்க வேண்டும் என்பது அந்த முறையின் கணக்கு. மூச்சை 20 என்று எழுதினால் மொத்தம் 3 ஆகிவிடும். அடுத்து நாலு மணி நேரம் கழித்துப் பார்த்தால் போதும். கணினி தன் கூட்டலைச் சரியாகத்தான் போடுகிறது. நாம் கொடுத்ததைத்தானே அது கூட்டும்?

கம்ப்யூட்டர்காரர் இருக்க நர்ஸ் எதற்கு என்று கேட்டீர்கள். சர்வர் ஓடுகிறதா என்று பார்க்க அவர் இருக்கிறார். அந்த 20 பொய் என்று அவருக்கு எப்படித் தெரியும்? மூச்சை எண்ணியிருக்கிறவருக்குத்தான் அது தெரியும். இந்தத் துறைக்கு 1989-ல் கிரேவ்ஸ், கார்கரன் இருவரும் கொடுத்த வரையறையைத் தேர்வுக்குப் படித்திருப்பீர்கள்: கணினி அறிவியல், தகவல் அறிவியல், செவிலிய அறிவியல் மூன்றும் சேர்ந்தது. அந்த மூன்றாவதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது டேட்டா என்ட்ரி. அமெரிக்கச் செவிலியர் சங்கம் 1992-ல் இதைத் தனிச் சிறப்புத் துறையாக ஏற்றது. நம் இந்திய நர்சிங் கவுன்சில் 2021-ல் திருத்திய பாடத்திட்டத்தில்தான் உங்களுக்கு இது 40 மணி நேர வகுப்பாகவும் 40 மணி நேர லேபாகவும் வந்து சேர்ந்திருக்கிறது. அந்த லேபில் பவர்பாயிண்ட் செய்யச் சொல்லியே பல இடங்களில் முடித்துவிடுகிறார்கள் என்பது என் மனக்குறை. அதை இங்கே கொட்டவில்லை.

பெயர்தான் புதிது. கிரிமியப் போர் நடந்த 1854 நவம்பரில் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் துருக்கியின் ஸ்குடாரி ராணுவ மருத்துவமனைக்குப் போனபோது அங்கே இறந்தவர் கணக்குகூட ஒரு பதிவேட்டுக்கும் இன்னொன்றுக்கும் பொருந்தவில்லை. கையில் விளக்கோடு நிற்கும் படத்தைத்தான் நமக்கு மாட்டிவைத்திருக்கிறார்கள். உண்மையில் அவர் அதிக நேரம் செலவிட்டது எண்களோடு. 1858-ல் அவர் வெளியிட்ட வட்ட வரைபடத்தில் நீலப் பகுதி, தடுத்திருக்கக்கூடிய தொற்றுநோய்களால் வந்த மரணம். போர்க்காயத்தால் வந்த சாவுக்கான சிவப்பு அதன் பக்கத்தில் மெல்லிய துண்டாகக் கிடக்கும். அதைப் பார்த்த பிறகு "போர் என்றால் சாவு சகஜம்" என்று எந்த அமைச்சரும் சொல்லித் தப்ப முடியவில்லை. 1860-ல் லண்டனில் நடந்த சர்வதேசப் புள்ளியியல் மாநாட்டில் எல்லா மருத்துவமனையும் ஒரே படிவத்தில் ஒரே பெயர்களால் பதிவு செய்ய வேண்டும் என்ற திட்டத்தை முன்வைத்தார். நம் கல்லூரிகளில் விளக்கேற்றி உறுதிமொழி எடுப்பதோடு அன்று ஒரு வரைபடத்தையும் வரையச் சொன்னால் அவருக்குப் பிடித்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரே பெயர் என்பது சின்ன விஷயம் இல்லை. ஒரு தனியார் மருத்துவமனையின் பில்லை எடுத்துப் பாருங்கள். ஊசி, டிரிப், கையுறை எல்லாம் தனித்தனி வரியாக இருக்கும். நீங்கள் எட்டு மணி நேரம் செய்ததெல்லாம் "நர்சிங் சார்ஜ்" என்று ஒரே வரி. இரண்டு மணிக்கொரு முறை திருப்பிப் படுக்கவைத்ததால் படுக்கைப் புண் வரவில்லை என்றால், வராத புண்ணுக்கு எங்கே பதிவு? ஹாரியட் வெர்லியும் நார்மா லாங்கும் 1980-களில் செவிலியத்துக்கான குறைந்தபட்சத் தரவுத் தொகுப்பை உருவாக்கியது இதற்காகத்தான். அதிலுள்ள 16 கூறுகளில் நாலு முழுக்கச் செவிலியருடையவை: செவிலியர் கண்டறிந்த பிரச்சினை, செய்த பணி, கிடைத்த விளைவு, பராமரிப்பின் கடுமை. நண்டா, நிக், நாக், ஓமஹா முறை, சர்வதேசச் செவிலியர் கவுன்சிலின் ஐ.சி.என்.பி. என்று நீங்கள் உருப்போடும் செவிலியச் சொற்பட்டியல்கள் எல்லாம் இந்தக் கவலையிலிருந்து முளைத்தவைதான். பெயரில்லாத வேலைக்கு ஆள் கேட்டால் நிர்வாகம் கொடுக்காது.

இனி நெறிமுறை. ரகசியம் காப்பது அதில் ஒரு பங்கு, அதற்கு அப்புறம் வருகிறேன். எனக்கு முதலில் வருவது உண்மை: பார்க்காததைப் பார்த்ததாக எழுதாதிருப்பது. காகிதத்தில் ஒரு பொய் எழுதினால் அது அந்த வார்டோடு நின்றுவிடும். கணினியில் எழுதிய பொய்க்குக் கால் முளைத்துவிடும். எச்சரிக்கை மதிப்பெண்ணுக்குள் போகும், டிஸ்சார்ஜ் சுருக்கத்துக்குள் போகும், மாவட்ட அறிக்கைக்குள் போகும், நாளை ஒரு செயற்கை நுண்ணறிவு நிரலுக்குப் பாடமாகவும் போகும். முந்தின ஷிஃப்டில் எழுதியதை அப்படியே நகலெடுத்து ஒட்டும் வசதி வந்தபின், கால் எடுக்கப்பட்ட நோயாளிக்கு "இரு பாதங்களிலும் நாடி நன்றாக உள்ளது" என்று மூன்று நாள் ஓடியதை நானே ஒரு மென்பொருள் தணிக்கையில் பார்த்தேன்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு, எனக்குப் பிடித்த பக்கம். நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு ஒன்று, செவிலியர்கள் என்ன எழுதுகிறார்கள் என்பதை விட எப்போது, எத்தனை தடவை எழுதுகிறார்கள் என்று கவனித்தது. மனதில் ஏதோ உறுத்தினால் நர்ஸ் அட்டவணைக்கு முன்பே போய் நாடி பார்ப்பார், கட்டாயமில்லாத குறிப்புப் பெட்டியிலும் ஒரு வரி எழுதுவார். அந்த உறுத்தலை அளக்கும் கருவிக்குக் கன்சர்ன் என்று பெயர் வைத்தார்கள். 74 வார்டுகளில், 60,000-க்கு மேற்பட்ட நோயாளி அட்மிஷன்களில் நடந்த சோதனையின் முடிவு 2025-ல் வெளிவந்தது. அந்தக் கருவி இருந்த வார்டுகளில் இறப்பு அபாயம் 35.6 சதவீதம் குறைவு, தங்கும் காலம் 11.2 சதவீதம் குறைவு. நர்ஸின் உள்மனசு கணினிக்குப் படிக்கக் கிடைத்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் ஒன்றை யோசியுங்கள். எல்லோருக்கும் 20 போடும் வார்டில், எட்டு மணிப் பதிவையும் பன்னிரண்டு மணிப் பதிவையும் ஒரே மூச்சில் இரண்டு மணிக்கு எழுதிவைக்கும் வார்டில், அந்தக் கருவிக்கு எதுவும் கேட்காது.

சரி, பொய் எழுதும் நர்ஸ் கெட்டவர் என்று முடித்துவிடலாமா? முடியாது. இதற்கு ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் நாஷ்வில் நகரில் வேண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவமனை. 2017 டிசம்பர் 26. மூளையில் ரத்தக்கசிவுக்குச் சேர்ந்து தேறிவந்த 75 வயதுப் பெண்மணியை ஸ்கேனுக்கு அழைத்துப்போகிறார்கள். மூடிய இடம் என்றால் அவருக்குப் பயம், அதனால் படபடப்பைக் குறைக்க வெர்செட் எழுதியிருக்கிறார்கள். ராடோண்டா வாட் என்ற செவிலியர் மருந்து வழங்கும் கணினி அலமாரியில் வி, ஈ என்று இரண்டு எழுத்து தட்டுகிறார். அலமாரியோ வணிகப் பெயரில் தேடவில்லை, மருந்தின் பொதுப்பெயரில் தேடுகிறது. வெர்செட்டின் பொதுப்பெயர் மிடசோலம். மருந்து கிடைக்காததால் தடையைத் தாண்டும் ஓவர்ரைடு பொத்தானை அழுத்தி அதே இரண்டு எழுத்தைத் தட்டுகிறார். முதலில் வந்தது வெக்குரோனியம், தசைகளையெல்லாம் செயலிழக்கச் செய்யும் மருந்து. அதை எடுத்து, பொடியைக் கரைத்து, ஊசி போட்டுவிட்டுப் போய்விட்டார். வெர்செட் பொடியாக வராது, திரவமாகவே வரும். குப்பியின் மூடியிலேயே எச்சரிக்கை அச்சிட்டிருந்தது. மூச்சுவிட முடியாமல் போன அந்தப் பெண்மணி மறுநாள் இறந்தார்.

அந்தச் செவிலியர் தன் தவற்றை அன்றே தானாக ஒப்புக்கொண்டார். மருத்துவமனை அந்தப் பிழையை மாநில அதிகாரிகளுக்கு முறைப்படி தெரிவிக்கவில்லை. பெயர் தெரிவிக்காத ஒருவர் தகவல் கொடுத்த பிறகுதான் 2018 இறுதியில் மத்திய ஆய்வாளர்கள் வந்தார்கள். புதிய மின்பதிவு முறை வந்த சமயம் அது. மருந்து அலமாரிக்கும் அதற்கும் தொடர்பு சரியாக ஓடாததால் ஓவர்ரைடு அழுத்துவது அன்றாட வழக்கமாகியிருந்தது என்று அவர் தரப்பில் சொன்னார்கள். ஸ்கேன் பகுதியில் மருந்தின் பார்கோடைச் சரிபார்க்கும் கருவி கிடையாது. செவிலிய உரிமம் பறிபோனது. 2022 மார்ச்சில் ஜூரி அவரைக் குற்றவியல் அலட்சியத்தால் மரணம் விளைவித்த குற்றவாளி என்றது. மே மாதம் சிறைக்குப் பதிலாக மூன்றாண்டு கண்காணிப்பில் இருக்கும்படி தீர்ப்பு வந்தது. மருத்துவமனையிலிருந்து வேறு யாரும் கூண்டில் ஏறவில்லை.

வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் பாதிப் பேர் "குப்பியைப் படிக்காமல் எப்படிப் போடலாம்" என்பார்கள், மீதிப் பேர் "மெஷின் ஏன் காட்டியது" என்பார்கள். இரண்டும் நியாயம். குப்பியைப் படிப்பது எந்த மென்பொருளிடமும் ஒப்படைக்க முடியாத கடமை, அதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஆனால் ஒரு நாளில் பத்து முறை அழுத்தச் சொல்லிப் பழக்கிய பொத்தான், பதினோராவது முறை உயிரைக் காக்கும் என்று எதிர்பார்ப்பது வடிவமைத்தவரின் பிழை. அந்த மரணத்துக்குப் பிறகு மருந்துப் பாதுகாப்பு அமைப்பான ஐ.எஸ்.எம்.பி., ஓவர்ரைடில் தேட மருந்துப் பெயரின் ஐந்து எழுத்தாவது தட்டவேண்டும் என்று பரிந்துரைத்தது. மூன்று எழுத்து கூடுதல், அவ்வளவுதான். அந்த மூன்று எழுத்தை முன்பே கேட்டு வாங்கக்கூடியவர், வார்டையும் திரையையும் ஒருசேரத் தெரிந்த செவிலியர்தான்.

நம் ஊரில் அந்த அலமாரி அபூர்வம். அதற்குப் பதில் நமக்கு இரட்டை வேலை இருக்கிறது. கிராம சுகாதாரச் செவிலியரைக் கேளுங்கள். ஒரு கர்ப்பிணியின் விவரத்தை நோட்டிலும் எழுதி, பிக்மி என்ற அரசின் கர்ப்பிணிப் பதிவு இணையத்திலும் ஏற்றி, கேட்கும்போது வாட்ஸ்அப்பிலும் அனுப்பிக்கொண்டிருப்பார். வீடு வீடாகப் போகும் நேரத்தை விழுங்குகிற பதிவு எப்படி உண்மையாக இருக்கும்? இங்கே ஒரு பொய் எண் வந்தால், எழுதியவரைப் போலவே படிவம் தயாரித்தவரும் அதற்குப் பொறுப்பு.

இனி ரகசியம். "ஸ்டாஃப்" என்ற ஒரே லாகின், பாஸ்வேர்டு மானிட்டரில் ஒட்டிய பிளாஸ்திரியில் எழுதியிருக்கும், மூன்று ஷிஃப்டும் அதில்தான் வேலை செய்யும். வசதிதான். ஒரு நாள் நோயாளிக்கு இரண்டு தடவை மருந்து போய்விட்டால் யார் போட்டது என்று தெரியாது; விசாரணையில் அகப்படுபவர் அன்று லீவில் இல்லாதவர். உங்கள் பெயரில் இன்னொருவர் எழுத விடாதீர்கள். இன்சார்ஜ் சிஸ்டர் முகம் சுளித்தாலும் சரி.

அடுத்தது வெறும் ஆர்வம். உங்கள் ஊர்க்காரர் அட்மிட் ஆகியிருக்கிறார், பக்கத்து வார்டு, என்ன நோய் என்று திறந்து பார்ப்பதில் என்ன தப்பு என்று தோன்றும். அவருக்குப் பராமரிப்பு செய்யும் பொறுப்பு உங்களிடம் இல்லாதவரை அது அடுத்தவர் கடிதத்தைப் பிரிப்பதுதான். உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 24 அன்று அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றது. எச்.ஐ.வி. சட்டமும் மனநலச் சட்டமும் அதே 2017-ல் ரகசியத்தைத் தனியாக வலியுறுத்தின. பிறகு 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதில் எனக்குப் பிடித்த ஒரு பிரிவு: சம்மதம் கேட்கும் அறிவிப்பை எட்டாவது அட்டவணை மொழிகளில் எதிலும் கேட்டு வாங்க மக்களுக்கு உரிமை உண்டு, அதாவது தமிழிலும். ஆபா என்ற சுகாதாரக் கணக்கு எண்ணை உருவாக்க ஓ.டி.பி. கேட்கும்போது, "இது கட்டாயமில்லை, இதனால் உங்கள் பதிவுகள் ஒரே எண்ணில் சேரும், வேண்டாம் என்றாலும் வைத்தியம் உண்டு" என்று ஒரு பாட்டிக்குப் புரிகிற மாதிரி சொல்லவேண்டியது யார்? ஓ.டி.பி. வாங்குவதும் சம்மதம் வாங்குவதும் ஒன்றில்லை.

ஆனால் மூடிவைப்பது மட்டுமே நெறி என்று நினைத்துவிடாதீர்கள். 2018 டிசம்பரில் சாத்தூரில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டது நினைவிருக்கும். ரத்தம் கொடுத்த இளைஞருக்கு 2016-லேயே ஒரு ரத்ததானத்தின்போது தொற்று தெரிந்தும் அவரிடம் சொல்லப்படவில்லை என்று அப்போது செய்திகள் வந்தன. வேறு தேவைக்காகப் பரிசோதித்துத் தெரிந்துகொண்ட அவர்தான் ஓடிவந்து எச்சரித்தார். பதிவு எங்கோ இருந்தது, தெரிய வேண்டியவருக்குப் போய்ச் சேரவில்லை. சர்வதேச மருத்துவத் தகவலியல் சங்கத்தின் நெறித்தொகுப்பில் அந்தரங்கத்துக்குப் பக்கத்திலேயே அணுகும் உரிமையும் வெளிப்படைத்தன்மையும் இருப்பது இதற்காகத்தான். அதோடு ஒன்று: மீறித்தான் ஆகவேண்டும் என்றால் மிகக் குறைவாக ஊடுருவும் வழியைத் தேர்ந்தெடு என்கிறது. படுக்கைத் தலைமாட்டில் நோயின் பெயரைச் சிவப்பில் எழுதி மாட்டுவதற்கும், தேவைப்பட்டவர் திரையில் மட்டும் தெரியவைப்பதற்கும் உள்ள தூரம்தான் அது.

கருவியை நம்புவது பற்றியும் ஒரு வார்த்தை. விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் 92 முதல் 96 வரை காட்டிய நேரங்களில், தமனி ரத்தத்தில் ஆக்ஸிஜன் 88-க்குக் கீழே போயிருந்தது வெள்ளையரில் 3.6 சதவீதம், கறுப்பினத்தாரில் 11.7 சதவீதம் என்று மிச்சிகனிலிருந்து 2020-ல் ஒரு ஆய்வு வந்தது. அந்தச் சதவீதத்தை அப்படியே நம் மக்கள் மேல் பொருத்த முடியாது. ஆனால் கறுத்த தோலுள்ள நோயாளி வியர்த்து, தோள் தூக்கி மூச்சு வாங்கும்போது திரையில் 95 என்று பச்சையாக ஒளிர்ந்தால், நான் திரையை விட்டுவிட்டு ஆளைப் பார்ப்பேன். மூச்சை எண்ணுவேன்.

உங்கள் லேபில் நாற்பது மணி நேரம் இருக்கிறது. அதில் ஒரு மணி நேரத்தை மட்டும் உங்கள் டியூட்டரிடம் கேட்டு வாங்குங்கள். செகண்ட் முள் உள்ள கடிகாரத்தோடு வார்டுக்குப் போய், அனுமதி கேட்டு, பத்துப் பேருக்கு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். எண்ணுகிறீர்கள் என்று தெரிந்தால் மூச்சு மாறிவிடும், நாடி பார்க்கிற பாவனையில் கையைப் பிடித்துக்கொண்டே எண்ணுங்கள். பிறகு சார்ட்டைத் திறந்து அதே பத்துப் பேருக்கு என்ன எழுதியிருக்கிறது என்று பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாளை யாரிடம், எப்படி, யார் பெயரும் கெடாமல் கொண்டுபோய்க் காட்டுவது என்று யோசிக்க ஆரம்பித்தீர்கள் என்றால், நெறிமுறை யூனிட்டின் முதல் பக்கத்தில் இருக்கிறீர்கள்.